முப்பத்திரண்டாவது துண்டு

ரியல் அனாலிசிஸ் என்ற கணிதத் தாளில் மூன்றாவது முறையாகத் தோற்றபோது முனீருக்கு வயது நாற்பத்து நான்கு. மதிப்பெண் முப்பத்தொன்று. அதற்கு முந்தைய முறை முப்பத்து மூன்று, அதற்கும் முந்தைய முறை இருபத்தொன்பது. தேற நாற்பது வேண்டும்.

தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. கணிதத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஆறு வருடத்துக்குள் எல்லாத் தாளையும் முடித்தாக வேண்டும் என்பது அவருடைய பல்கலைக்கழகத்தின் விதி. ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற தாள்களில் எல்லாம் தேறியாகிவிட்டது. மிச்சம் இந்த ஒரு தாள்; அதற்கு மிச்சம் டிசம்பரில் ஒரு தேர்வு. அதிலும் கோட்டை விட்டால் தேறிய தாள்களும் சேர்ந்து போகும். பட்டம் கிடையாது. வேண்டுமென்றால் முதல் வருடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று விதியில் ஒரு வரி கருணையோடு எழுதியிருந்தது.

வீட்டில் மனைவி ஷாயிஸ்தா இன்னொரு விதியும் போட்டாள்.

“ஆறு வருஷமா இந்த வூட்ல ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாளே இல்ல. காலையில எழுந்தா தாம்பரம், கிளாஸு. இந்த வாட்டியும் போச்சுன்னா மொத்த புக்கையும் மூட்டை கட்டி வெள்ளிக்கிழமை சந்தையில போட்டுருவேன். ஓட்ட மிக்ஸி, பழைய ஃபேன் பக்கத்துல அதுவும் குந்திகினு இருக்கட்டும்.”

“சரி.”

“இன்னா சரி? நான் விளையாட்டுக்கு சொல்லல.”

“நானும் விளையாட்டுக்கு சொல்லல” என்றார் முனீர்.

புத்தகங்கள் பரணில் இருந்தன. அனகாபுத்தூரில் ஆற்றோரத் தெருக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து முக்கியமானது எதையும் தரையில் வைப்பதில்லை. ஷாயிஸ்தா அண்ணாந்து பரணைப் பார்த்தாள். எத்தனை மூட்டை வரும் என்று கணக்குப் போடுவது போல இருந்தது அந்தப் பார்வை.

பல்லாவரத்தில் ஏற்றுமதிக்குத் தோல் பை செய்யும் ஒரு கம்பெனியில் முனீர் கட்டிங் மாஸ்டர். விரித்த தோலின் மேல் பையின் பாகங்களுக்கான அட்டைகளை வைத்து, அட்டையின் ஓரமாகவே கத்தியை ஓட்டி வெட்டுவது வேலை. ஒரு தோல் போல இன்னொரு தோல் இருக்காது. ஒன்றில் கழுத்துப் பக்கம் சுருக்கம், ஒன்றில் வயிற்றுப் பக்கம் தொய்வு, ஒன்றில் முள்வேலி கீறிய தழும்பு. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எத்தனை துண்டு எடுக்கிறான் என்பதில்தான் ஒரு கட்டரின் பெயர் இருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் வந்தது. அதை ஓட்ட, டிப்ளமோ முடித்த கையோடு உதயா வந்து சேர்ந்தான். மெஷின் தோலைப் படம் எடுத்து, துண்டுகளைத் தானே அடுக்கித் திரையில் காட்டும். முதல் வாரத்திலேயே ஒரு தோலுக்கு இருபத்தொன்பது துண்டு என்று காட்டியது. முனீர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

“முப்பத்தொண்ணு வரும்” என்றார். வெட்டினார். வந்தது.

உதயா துண்டுகளை எண்ணிப் பார்த்தான். “அண்ணா, மெஷினையே கவுத்துட்டீங்களே!” தையல் பகுதியிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். முனீர் மிஞ்சிய துணுக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்திரண்டு வராதா?”

“சான்ஸே இல்ல அண்ணா.”

“எப்படி சொல்ற?”

“மெஷின் சொல்லலையே.”

“மெஷின் முப்பத்தொண்ணும்தான் சொல்லல.”

உதயா தலையைச் சொறிந்தான். “அது வேற மேட்டர் அண்ணா. இதுக்கு மேல முடியவே முடியாதுன்னு காட்டறதுக்குப் பேரு ப்ரூஃப். அதெல்லாம் டிகிரி மேத்ஸ்ல வரும். டிப்ளமோல எங்களுக்கு அவ்ளோ தூரம் போடல.”

ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். முனீருக்கு மட்டும் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் பஸ்ஸில் கூட வந்தது. ஒரு துண்டு வரும் என்றால் வெட்டிக் காட்டிவிடலாம். வராது என்பதற்கு எதை வெட்டிக் காட்டுவது? பதினெட்டு வருடமாக ‘இதுக்கு மேல வராது’ என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் எப்படி என்று கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பத்தாம் வகுப்பில் அவர் தோற்ற ஒரே பாடம் கணக்கு. முப்பத்தாறு வயதில் அதைத் தனித்தேர்வராக மறுபடி எழுதப் போனார். தேர்வு அறையில் இருந்த மேற்பார்வையாளர் அவரைப் பறக்கும் படை அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டிய பிறகுதான் பெஞ்சுக்கு அனுப்பினார். ஐம்பத்தெட்டு வந்தது. அடுத்து பிளஸ் டூ. அதற்கடுத்து பி.எஸ்சி. அந்தத் தெருவில் அதுவரை பட்டம் என்ற சொல் காற்றில் விடுவதற்கு மட்டுமே பயன்பட்டது என்று சொன்னால் அது ரொம்ப மிகையில்லை.

தினமும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து ஏழு மணி வரை படித்தார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. ஞாயிறு முழுக்கத் தாம்பரத்தில் நேர்முக வகுப்பு. படிப்பது என்றால் அவருக்குப் பார்ப்பது. கணக்கை எதிரில் விரித்து வைத்து, முதுகுக்குப் பின்னால் கை கட்டி, முற்றத்தில் நடப்பார். உள்ளே வந்து பார்ப்பார். மறுபடி நடப்பார். மகள் ரூக்சார் கல்லூரிக்குக் கிளம்பும்போது, “அத்தா, உங்களைப் பார்த்தா படிக்கிற மாதிரியே இல்ல. மாடு வாங்கப் போன மாதிரி கீது” என்பாள்.

ஆனால் பாடம் புரியாமல் இல்லை. எல்லை என்ற பாடத்தை வகுப்பில் முதலில் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ஒரு வரிசையில் உள்ள எண்கள் ஒரு எண்ணை நோக்கிப் போகின்றன என்பதற்குப் புத்தகம் ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் மிரண்டு போயிருந்தார்கள். முனீர் எழுந்து சொன்னார்:

“மேடம், இது செக்கிங்குக்கு வர்ற ஆளு மாதிரி. அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம்னு சொல்றான். நூறாவது பீஸுக்கு மேல எல்லாம் அதுக்குள்ள வருதுன்னு காட்டறேன். பத்தாது, கால் மில்லிமீட்டர்ன்றான். ஆயிரத்துக்கு மேல எல்லாம் வருது, பாரு. அவன் எவ்ளோ இறுக்கினாலும், இந்த எண்ணுக்கு மேல எல்லாம் பாஸ்னு நான் ஒண்ணு சொல்ல முடியணும். அவ்ளோதானே?”

பாடம் எடுத்த சுப்ரஜா சாக்பீஸைக் கீழே வைத்தாள். “சார், அவ்ளோதான். எக்ஸாக்ட்லி அவ்ளோதான்.”

அப்படிப்பட்டவர் முப்பத்தொன்று வாங்கியது சுப்ரஜாவுக்கு விளங்கவில்லை. வாரநாளில் ஒரு கல்லூரியில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறவள். விடைத்தாள் திருத்தியும் பழக்கம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டு விடைத்தாளின் நகலை வாங்கி வரச் சொன்னாள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், வகுப்பு கலைந்த பிறகு, முனீர் அதை அவள் மேசையில் வைத்தார்.

விடைத்தாள் மிகச் சுத்தமாக இருந்தது. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று வரி. ‘இந்தத் தொடர்வரிசையின் எல்லை 1. பார்த்தாலே தெரியும்.’ அதன் மேல் திருத்தியவர் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். அடுத்த பக்கத்திலும் அதே கேள்விக்குறி. நான்காம் பக்கத்துக்கு வரும்போது கேள்விக்குறியும் சலித்துப்போய் வெறும் கோடாகியிருந்தது.

“சார், ஆன்ஸர் எல்லாமே கரெக்ட். நடுவுல இருக்கறது எங்க?”

“மனசுல போட்டேன் மேடம்.”

“அதை ஏன் பேப்பர்ல போடல?”

கேள்வியே முனீருக்குப் புதிதாக இருந்தது. பிறகு சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு வெள்ளைத் தோலில் அட்டையை வைத்துச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டுவிட்டார். வெள்ளைத் தோலில் விழுந்த மை போகாது. அப்போதைய ஃபோர்மேன் தாமோதரன் திட்டவில்லை. அந்தத் தோலை எடுத்துப் போய்க் கம்பெனி கேட்டில், உள்ளே வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு வாரம் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு முனீர் எந்தத் தோல் மேலும் எதையும் குறித்ததில்லை. எல்லாத் துண்டும் மனதில் அடங்கி முடிந்த பிறகுதான் கை முன்னால் வரும். இருபத்தேழு வருடப் பழக்கம்.

சுப்ரஜா விடைத்தாளைப் புரட்டினாள். “ஃபைவ் மார்க் கொஸ்டின் ரெண்டு, தெரிஞ்சும் விட்டிருக்கீங்க.”

“கடைசி வரைக்கும் தெரியல மேடம். பாதிதான் தெரிஞ்சிது. பாதி தெரிஞ்சிகினு கத்தி வைக்கக் கூடாது.”

“இது தோல் இல்ல சார், பேப்பர். இங்க வெட்டினதுக்கு மார்க் இல்ல. எப்படி வெட்டினீங்கன்னு காட்டறதுக்குத்தான் மார்க். தப்பா எழுதினா ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு மறுபடி எழுதுங்க. அடிச்சதுக்கு யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.” அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “வீட்ல யாருக்காவது ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லிப் பாருங்க. மேத்ஸ் தெரியாதவங்களா இருந்தா பெட்டர்.”

மேத்ஸ் தெரியாதவர்களுக்கு வீட்டில் பஞ்சமில்லை. ரூக்சார் முதல் நாளே, “புரியுது அத்தா, புரியுது” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு போனைப் பார்க்கப் போனாள். அது உதவாது என்று முனீருக்குத் தெரிந்தது. இரண்டாம் நாள் காலை அவர் ஷாயிஸ்தாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணொண்ணா சொல்லுவேன். ஒத்துக்க முடியலன்னா கேளு.”

“எனக்கு இன்னா தெரியும்?”

“காய்காரன்கிட்ட கேக்குற மாதிரி கேளு.”

ஷாயிஸ்தா காய்காரனிடம் கேட்கும் விதம் பல்லாவரம் சந்தையில் பிரசித்தம். நேற்று வாங்கிய காய் என்று அவன் சொன்னால் எந்த மார்க்கெட்டில் என்பாள். மார்க்கெட் பெயர் சொன்னால் எத்தனை மணிக்கு லோடு வந்தது என்பாள். அவள் வருவதைப் பார்த்தால் சில பேர் விலையை முதலிலேயே குறைத்துச் சொல்லிவிடுவார்கள். அந்த ஷாயிஸ்தா இப்போது ரியல் அனாலிசிஸுக்கு வந்தாள்.

“ஒரு வரிசை ஒரு எண்ணை நோக்கிப் போவுதுன்னா, அது எல்லாத்தையும் ஒரு வேலிக்குள்ள அடைச்சிரலாம்” என்றார் முனீர்.

“அது எப்படி?”

“கடைசியில எல்லாம் அந்த எண்ணு பக்கத்துலதானே இருக்கும்.”

“கடைசியில இருக்கும். மொதல்ல?”

“மொதல்ல கொஞ்சம் தள்ளி இருக்கலாம்.”

“எவ்ளோ தள்ளி?”

“எவ்ளோ வேணா. ஆனா அது கொஞ்சம் எண்ணுதான். எண்ணி முடிச்சிரலாம். அதுல பெருசு எதுன்னு பார்த்து அதுக்கும் வெளியில வேலி போட்டா முடிஞ்சிது.”

“அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பாதிக் காய அடியில போட்டுகினு விக்கிறியா?”

முனீர் நோட்டில் எழுதினார்: முதலில் உள்ளவை எண்ணி முடிக்கக்கூடியவை. தன் மூன்று வரிகளுக்கு நடுவில் அவர் எழுதாமல் விட்டிருந்த நான்காவது வரி அது. அந்தக் காலைப் பாடம் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் நடந்தது. அவள் பாராட்டவில்லை. “அது எப்படி?” என்று கேட்டாள், அவ்வளவுதான். சில நாள் எரிச்சலில், “நீ இன்னா பெரிய ப்ரொஃபஸரா?” என்று முனீர் கத்திவிடுவார். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன், இதுல இன்னா பேஜாரு” என்று அவள் வெங்காயத்தோடு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். அடுத்த நாள் மறுபடி உட்காருவார்கள்.

எழுதுவதுதான் பழகவில்லை. வீட்டு நோட்டில் எழுதிவிடுவார். தப்பு என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுச் சுத்தமாக மறுபடி எழுதுவார். நூறு பக்க நோட்டு ஒன்று முப்பத்தாறு பக்கமாக இளைத்தது. தேர்வு அறையில் பக்கம் கிழிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

டிசம்பர் மாதத் தேர்வு தாம்பரத்தில் ஒரு கல்லூரியில். மழை வரும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. முனீர் பல்லாவரத்தில் ரயில் ஏறினார். காலை பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் நன்றாகவே போனது. வேலிக் கேள்வி வந்திருந்தது. முதலில் உள்ளவை எண்ணி முடிக்கக்கூடியவை என்ற வரியோடு சேர்த்து எழுதினார். விடைகள் நீண்டன. கூட்டிப் பார்த்தால் முப்பதைத் தாண்டும் என்று தோன்றியது. நாற்பதுக்குப் போக வேண்டுமானால் பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வேண்டும்.

இரு முனையும் அடைத்த ஒரு கோட்டுத் துண்டின் மேல், எங்கும் அறுபடாமல் ஓடும் ஒரு சார்பு, எல்லையில்லாமல் மேலே போய்விட முடியாது என்று நிறுவ வேண்டும். முடியாது என்று நிறுவுவது. அவர் இதற்காகத்தான் படிக்க வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

போக முடியும் என்று வைத்துக்கொள்வோம் என்று தொடங்கினார். அப்படியானால் நூறைத் தாண்டும் ஒரு புள்ளி இருக்கும், ஆயிரத்தைத் தாண்டும் ஒரு புள்ளி இருக்கும், இப்படிப் புள்ளிகள் வரிசையாகக் கிடைக்கும். அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரு இடத்தை நோக்கிப் போகும். அங்கேதான் சிக்கல் வரும். அரைப் பக்கம் எழுதிவிட்டார். எழுதி நிறுத்திப் படித்தார்.

அது எப்படி? எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும்னு யார் சொன்னது?

ஒன்று இந்த முனைக்கும் அடுத்தது அந்த முனைக்குமாகப் புள்ளிகள் மாறி மாறி ஓடினால்? அரைப் பக்கமும் தப்பு. மணி பன்னிரண்டரை. முனீரின் கைகள் தாமாக மேசையை விட்டு முதுகுக்குப் பின்னால் போயின. எழுந்து நடக்க முடியாது. வெள்ளைத் தாளில் அரைப் பக்கத்துக்கு நீல மை. இதற்கு முன் இந்த நிலைக்கு அவர் வந்ததில்லை. முடிவு தெரியாத கேள்வியைத் தொட்டதே இல்லை. மூன்று தேர்விலும் இந்த இடத்தில் காகிதம் காலியாக இருந்தது.

கண்காணிக்கும் ஆசிரியர் அருகில் வந்தார். “உடம்பு சரியில்லையா சார்?”

“நல்லா கீறேன் சார். ஒரு அடிஷனல் ஷீட் கொடுங்க.”

ஸ்கேல் எடுக்கவில்லை. எழுதிய அரைப் பக்கத்தின் மேல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கோடு போட்டார். மறு மூலையிலிருந்தும் ஒன்று. பெரிய பெருக்கல் குறி. கேட்டில் தொங்கிய தோல் போல அது தாளிலேயே கிடந்தது. திருத்துகிறவர் பார்க்கத்தான் போகிறார். புதுத் தாளில் எழுதினார்: ‘மேலே எழுதியது தவறு. எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முடிவில்லாத புள்ளிகள் அடைத்த துண்டுக்குள் இருப்பதால், அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் அவை ஒரே இடத்தை நோக்கிப் போகும்.’ எந்தத் தேற்றத்தால் அப்படி என்பதையும் எழுதினார். அதற்குப் பிறகு வழி திறந்துகொண்டது. கடைசிக்கு முந்தைய படியில் ஒரு காரணம் நினைவுக்கு வரவில்லை. ‘இந்த இடத்தில் ஒரு காரணம் வேண்டும், எனக்கு இப்போது தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு மீதியை முடித்தார். மணி அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷாயிஸ்தா கேட்டாள்: “எப்படி?”

“தெரியல.”

மூன்று முறையும், “நல்லா எழுதியிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். ஷாயிஸ்தா இந்தத் தடவை பரணைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ரூக்சார் போனில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்தாறு. “அத்தா, டிகிரி!” என்று அவள் கூவியதில் எதிர்வீட்டு ஜஹீரா வெளியே வந்து என்ன என்று கேட்டாள். முனீர் போனை வாங்கி, பதிவெண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஹால் டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுநாள் சந்தை நாள்தான். ஷாயிஸ்தா காய் வாங்கப் போனாள். பையில் புத்தகம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோவளம் போவது என்று அவளே முடிவு செய்து அறிவித்தாள். யாரும் எப்படி என்று கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் முனீர் நான்கு தாள்களை உதயாவிடம் நீட்டினார். உதயாவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. மெஷின் பிரிவு முழுக்க அவன் பொறுப்பில்.

“இன்னா அண்ணா இது? ஸ்வீட்டு குடுப்பீங்கன்னு பார்த்தா பேப்பர் குடுக்கிறீங்க.”

“சின்ன சதுரத் தோலு. ஒரே அளவுல சதுரத் துண்டு. நாலு வரும், அஞ்சாவது வரவே வராதுன்னு போட்டிருக்கேன். எப்படித் திருப்பி வெச்சாலும் வராது.”

உதயா புரட்டினான். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். “அண்ணா, நம்ம தோலு சதுரமும் இல்ல. துண்டு முப்பத்தொண்ணு கீது.”

“தெரியும். அதுக்கு இன்னும் நாள் கீது. இதை மொதல்ல பாரு. ஒவ்வொரு வரிக்கும் அது எப்படின்னு கேளு.”

உதயா டிபன் டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு உண்மையாகவே படித்தான். முதல் பக்கம் கேட்டான். முனீர் பதில் சொன்னார். இரண்டாம் பக்கமும் அப்படியே. மூன்றாம் பக்கத்தின் நடுவில் அவன் விரல் நின்றது.

“இங்க, துண்டு சாய்ஞ்சி இருந்தாலும் நடுப்புள்ளி இதுக்குள்ளதான் இருக்கும்னு எழுதியிருக்கீங்க. அது எப்படி?”

முனீர் எட்டிப் பார்த்தார். கை பின்னால் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.